உடைந்த பழைய கைத்துப்பாக்கிக்கு விலை பார்ப்பது எப்படி?

கிருஷ்ணகிரி, இராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைச் சுத்தம் செய்யும்போது எப்போதாவது ஒரு கைத்துப்பாக்கி அகப்படும். குழல் துருவேறி, குதிரை (விசையை இழுத்தால் சுத்திபோல் அடிக்கும் உறுப்பு) உடைந்து, மரக்கட்டை செல்லரித்துக் கிடக்கும். பழைய இரும்புக்காரர் அதிலுள்ள பித்தளைக்கு எடை போட்டு ஒரு தொகை சொல்வார். ஊரில் இன்னொருவர், "திப்பு காலத்துச் சாமான், லட்சக்கணக்கில் போகும்" என்பார். இருவரும் பொருளைப் பார்க்காமல்தான் விலை சொல்கிறார்கள்.

பழுதான பழந்துப்பாக்கிக்கு விலை பார்க்க மூன்று கேள்விகள் போதும். சட்டத்தின் கண்ணில் இது ஆயுதமா, பழம்பொருளா? எந்தக் காலத்தில், எங்கே செய்தது? செய்தபோது இருந்ததில் இன்று எவ்வளவு மிச்சம்? இந்த வரிசை முக்கியம். பெரும்பாலோர் மூன்றாவது கேள்வியில் தொடங்குகிறார்கள். உடைந்ததைச் சரிசெய்துவிட்டால் விலை ஏறிவிடும் என்று நினைக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தின் கீழ் பல சமயம் நடப்பது இதற்கு நேர்மாறு.

தொடுவதற்கு முன்

குழல்வாய் வழியாக வெடிமருந்தைக் கெட்டிக்கும் துப்பாக்கியில் போட்ட மருந்தை வெளியே எடுப்பது சிரமம். அதனால் கெட்டித்த நிலையிலேயே பரணில் ஏற்றிவிடுவது அந்தக் காலத்தில் சாதாரணம். ஈரம் படாத கரிமருந்து நூறு ஆண்டு கழித்தும் வெடிக்கும். ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. குழல்வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, மெல்லிய மரக்குச்சி ஒன்றை உள்ளே மெதுவாக, இடிக்காமல், நிற்கும் வரை விடுங்கள். குழல்வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கம் அதே அளவுக்கு ஒட்டி வையுங்கள். குச்சியின் நுனி பற்றுவாய்த் துளை (உள்ளே இருக்கும் மருந்துக்குத் தீ போகும் சிறு துளை) வரை எட்ட வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக் கூடாகவோ துருக்கட்டியாகவோ இருக்கலாம். மருந்தும் ரவையுமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை என்பதால் மருந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பியால் குத்துவது, டிரில் போடுவது, துருவை இளக்கச் சூடு காட்டுவது எல்லாமே கையையும் கண்ணையும் பறிக்கும் காரியங்கள். அப்படியே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

தோட்டா போடும் ரிவால்வரோ பிஸ்டலோ கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரை அதற்குப் பொருந்தாது. எவ்வளவு பழையதானாலும் உரிமம் இல்லாமல் அதை வீட்டில் வைத்து விலை பார்க்க நேரமில்லை. நேரே காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியதுதான்.

சட்டம் முதலில், விலை பிறகு

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45(சி) பிரிவுதான் பழந்துப்பாக்கி வைத்திருப்பவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பிரிவு. வழக்கொழிந்த மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது ஆகிய ஆயுதங்களுக்கு அது விலக்குத் தருகிறது. ஆனால் நிபந்தனை கடுமையானது: பழுதுபார்க்காமலும் சரி, பழுதுபார்த்தாலும் சரி, அது சுடக்கூடியதாக இருக்கக் கூடாது. நூறு வயது ஆகிவிட்டது என்பது மட்டும் போதாது. குதிரை இல்லை, ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்பதும் போதாது, ஏனென்றால் அவற்றை மாற்றிவிட முடியும். குழல் அரித்து ஓட்டை விழுந்திருப்பது, அதன் அடிப்பக்கம் (மருந்து எரியும் பின்முனை) வெடித்துப் பிளந்திருப்பது போன்ற மீட்க முடியாத சேதம் இருந்தால்தான் வாதம் நிற்கும். அதையும் முடிவு செய்வது நீங்களோ விற்பவரோ அல்ல. மாவட்டத்தில் உரிமம் வழங்கும் அதிகாரம் ஆட்சியரிடம் இருக்கிறது. அவரிடம் எழுதிக் கொடுத்து, பொருளைப் பரிசோதிக்கச் செய்து, பதிலை எழுத்தில் வாங்குவதே பாதுகாப்பு. அந்த ஒரு தாள் இருந்தால் அதே துப்பாக்கியை வாங்க ஆள் கிடைப்பார்கள். தாள் இல்லாவிட்டால் விவரம் தெரிந்தவர் யாரும் தொடமாட்டார்.

இதிலிருந்துதான் பழுதுபார்ப்பின் சிக்கல் தொடங்குகிறது. சுடாத துப்பாக்கியைச் சுடும்படி செய்தால், விலக்குப் பெற்றிருந்த பழம்பொருள் மறுபடி ஆயுதமாகிவிடும். 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். உரிமமில்லாமல் செய்தால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு சிறை. ஆயுள் வரை போகலாம். லேத் பட்டறையில் கொடுத்து "ஒரு ஸ்பிரிங் போட்டுக் கொடுங்க" என்று கேட்பவர், தன்னோடு சேர்த்துப் பட்டறைக்காரரையும் மாட்டிவிடுகிறார்.

உறுப்புகளாகப் பிரித்து விற்கலாமே என்று தோன்றும். சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் உறுப்புகளும் அடக்கம். சில்லறை உறுப்புகளுக்கு 45(டி) பிரிவில் விலக்கு உண்டு, அவற்றை மற்ற உறுப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் யாருக்கும் இல்லாதவரை. பித்தளைப் பிடி மூடி, விசைக் காப்பு வளையம் போன்றவற்றில் தகராறு வருவது அரிது. நல்ல நிலையில் உள்ள குழலைச் சில்லறை உறுப்பு என்று சொல்லித் தப்ப முடியாது.

வேறு இரண்டு சட்டங்களையும் நினைவில் வையுங்கள். பரணில் இல்லாமல் நிலத்தில், உழும்போதோ கிணறு வெட்டும்போதோ கிடைத்தது என்றால், 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே இது பொருந்தும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் வருகிறது. அதன்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, தொல்பொருள் வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும். விலை பார்ப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் பெரியது: லண்டன் ஏலத்தில் போன விலையை இணையத்தில் பார்த்து நம்மூர்ப் பொருளுக்குப் பொருத்தக் கூடாது. 2015இல் போனாம்ஸ் நிறுவனம் திப்பு சம்பந்தப்பட்ட ஆயுதங்களை லண்டனில் ஏலம் விட்டபோது மொத்தம் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அந்தச் சந்தைக்குள் கிருஷ்ணகிரிப் பரணில் இருக்கும் துப்பாக்கி நுழையவே முடியாது. உங்கள் பொருளுக்கு வாங்குபவர் இந்தியாவுக்குள் இருப்பவர் மட்டுமே.

எந்தக் காலத்தது?

மருந்தில் தீப்பற்றும் முறையைப் பார்த்தாலே காலத்தைப் பாதி பிடித்துவிடலாம். எரியும் திரி கிண்ணியில் (பற்றவைக்கும் மருந்து இடும் சிறு குழி) இறங்குவது திரித் துப்பாக்கி. குதிரையின் வாயில் சக்கிமுக்கிக் கல் கவ்வி, எஃகு மடலில் உரசிப் பொறி விழுவது கல் துப்பாக்கி. கிண்ணியே இல்லாமல், நிப்பிள் எனப்படும் சிறு துளைக்குழாயின் மேல், அடித்தால் வெடிக்கும் செப்புக் கேப்பை வைத்துக் குதிரை அடிப்பது கேப் துப்பாக்கி. அடித்தால் வெடிக்கும் மருந்துக்கு ஸ்காட்லாந்துக்காரர் ஃபோர்சித் காப்புரிமை வாங்கியது 1807இல். செப்புக் கேப் பரவியது 1820களில். திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தது 1799 மே 4. ஆகவே நிப்பிளோடு செய்த துப்பாக்கி திப்புவின் படையில் இருந்திருக்க வழியே இல்லை. இந்த ஒரு கணக்கு பாராமகாலில் (கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பழைய பெயர்) உலவும் 'திப்பு துப்பாக்கி'களில் பெரும்பகுதியைத் தள்ளிவிடும்.

கல் துப்பாக்கியாகப் பிறந்து பின்னாளில் கேப்புக்கு மாற்றப்பட்டவையும் உண்டு. லாக் (குதிரையையும் ஸ்பிரிங்கையும் தாங்கும் பொறி) தகட்டின் வெளிப்பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எஃகு மடலும் அதன் ஸ்பிரிங்கும் இருந்த இடங்களில் அடைத்த ஸ்க்ரூத் துளைகள் வட்டமாகத் தெரியும். கிண்ணி இருந்த இடத்தை வெட்டி நிரப்பியிருப்பார்கள். பற்றுவாயில் உருளை ஒன்றைத் திருகி, அதில் நிப்பிளை வைத்திருப்பார்கள். இந்த மாற்றம் துப்பாக்கி உழைத்த காலத்திலேயே நடந்தது. அதைச் சேதமாகக் கணக்கிடக் கூடாது. 'மறுபடி கல் துப்பாக்கியாக்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். பழைய மாற்றம் சரித்திரம். புதிய மாற்றம் கெடுப்பது.

1792இல் பாராமகால் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அதன்பின் கம்பெனிச் சிப்பாய்களின் ஆயுதங்கள் இங்கே புழங்கின. கம்பெனிப் பொருளா என்று லாக் தகட்டின் முத்திரையில் தேடுங்கள். பழையதில் நான்காகப் பிரித்த இதய வடிவமும், அதன் தலையில் 4 போன்ற குறியும் இருக்கும். சுமார் 1808 முதல் பின்னங்கால்களில் நிற்கும் சிங்கம். குழலின் அடிப்பக்கத்தில் சோதனை முத்திரைகள் இருக்கும்: கிரீடத்தின் கீழ் ஜி, பி எழுத்துகளும், கிரீடத்தின் கீழ் வி எழுத்தும் லண்டன் சோதனைச் சாலையுடையவை. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல்தான் தொடங்கியது. பி, பி, சி எழுத்துகள் கொண்ட அதன் முத்திரை இருந்தால் குழலின் வயது அதற்குப் பிற்பட்டதே.

மைசூர்ப் படையின் அசல் வேலையில் பப்ரி எனப்படும் புலிக்கோடுகள், புலித்தலை, திப்பு ஏற்படுத்திய மவுலூதி ஆண்டுக் கணக்கில் வலமிருந்து இடமாக எழுதிய எண் ஆகியவை வரும். புலிக்கோட்டைப் பித்தளையில் புதிதாக வெட்டுவது கடினமல்ல என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

போலி முத்திரையைப் பிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. பூதக்கண்ணாடியில் எழுத்தும் துருக்குழியும் சந்திக்கும் இடத்தைத் தேடுங்கள். குழி எழுத்தைத் தின்றிருந்தால் எழுத்து பழையது. எழுத்தின் கோடு குழியின் அடிவரை இறங்கியிருந்தால், துருவேறிய பிறகு யாரோ வெட்டியிருக்கிறார்கள். ஆங்கில எழுத்துகள் திரும்பிக் கிடப்பது, எழுத்துப் பிழை, வார்ப்பில் வரும் சொரசொரப்பு, கூட்டல்குறித் தலை ஸ்க்ரூ ஆகியவையும் காட்டிக் கொடுக்கும்.

இன்னொரு ஏமாற்று நீளத் துப்பாக்கியை அறுத்துக் கைத்துப்பாக்கியாக்குவது. பிரிட்டிஷ் குதிரைப்படைக் கைத்துப்பாக்கியின் குழல் சுமார் 23 சென்டிமீட்டர், துளை சுமார் 16.5 மில்லிமீட்டர். துளை 19 மில்லிமீட்டருக்கு வந்தால் அது பெரும்பாலும் மஸ்கட் எனும் நீளத் துப்பாக்கியின் குழல். குழல்வாய் விளிம்பு கூராக, அரம்பத் தடத்தோடு இருக்கிறதா, கெசக்கோலைத் (மருந்தை இடித்து இறுக்கும் கோல்) தாங்கும் வளையங்கள் பொருந்தாத இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். அறுத்த துப்பாக்கிக்குச் சேகரிப்பு மதிப்பு மிகக் குறைவு. உரிமமின்றிக் குழலைக் குறைப்பதைச் சட்டத்தின் 6ஆம் பிரிவும் தடுக்கிறது.

அடையாளத்தில் சந்தேகம் இருந்தால் கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்கு முதலில் புகைப்படங்களோடு போங்கள். துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போக வேண்டாம். அங்கே விலை கேட்காதீர்கள். காலமும் வகையும் கேளுங்கள்.

எவ்வளவு மிச்சம்?

முத்திரையுள்ள லாக் தகடும் குழலும் அசலாக இருந்தால் மதிப்பின் முதுகெலும்பு இருக்கிறது. கட்டை அடுத்தது. கெசக்கோல், ஸ்க்ரூ, பிடி மூடி எல்லாம் பிறகுதான். இவை தொலைந்திருப்பது வழக்கம் என்பதால் வாங்குபவரும் அதற்குப் பெரிதாகக் கழிப்பதில்லை.

எல்லாம் ஒரே துப்பாக்கியின் உறுப்புகள்தானா என்பதுதான் உற்றுப் பார்க்க வேண்டியது. பற்றுவாய்த் துளை கிண்ணியின் நடுவுக்கு நேராக நிற்க வேண்டும். விலகியிருந்தால் குழலோ லாக்கோ வேறொன்றிலிருந்து வந்தது. லாக் தகட்டைச் சுற்றி மரத்தில் இடைவெளி இருந்தாலும் அப்படித்தான். கைவேலைத் துப்பாக்கிகளில் ஒவ்வொரு ஸ்க்ரூவும் அதனதன் துளைக்கே பொருந்தும். உட்புறத்தில் சிறு வெட்டுக் கோடுகளாலோ ரோமன் எண்களாலோ அடையாளம் இட்டிருப்பார்கள். உறுப்புகளின் அடையாளங்கள் ஒத்துப்போனால் விலை நிச்சயம் ஏறும்.

அதைப் பார்க்க லாக்கைக் கழற்ற வேண்டியிருக்கும். மருந்து இல்லை என்று உறுதியான பிறகு, பக்கவாட்டு ஸ்க்ரூக்களில் இரண்டு நாள் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சாதாரண ஸ்க்ரூடிரைவரின் நுனி ஆப்பு வடிவில் இருக்கும். பழைய ஸ்க்ரூவின் வெட்டு ஒடுங்கியது, நேரானது. பொருந்தாத நுனி வெட்டைச் சிதைக்கும், அந்தத் தழும்பு நிரந்தரம். நுனியை அரத்தால் தேய்த்து வெட்டுக்குச் சரியாகப் பொருத்திக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவை முழுதாக எடுக்காமல் நாலைந்து சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால் லாக் தானாக வெளியே தள்ளப்படும். தகட்டின் விளிம்பில் கத்தி விட்டு நெம்பினால் மரம் சில்லு சில்லாகப் பெயரும்.

கட்டை விரிசல் விடுவது பெரும்பாலும் லாக்குக்குப் பின்னால், மணிக்கட்டு போல் ஒடுங்கும் இடத்தில். லாக்குக்காக அங்கே குடைந்திருப்பதால் மரம் மெல்லிசு. சுத்தமான விரிசலை ஒட்டலாம். மதிப்பு பெரிதாகக் குறையாது. கம்பி சுற்றியோ தகரப் பட்டை அடித்தோ அந்தக் காலத்திலேயே கட்டியிருந்தால் அப்படியே விடுவது நல்லது. மரத்துளைகளிலிருந்து மாவு போன்ற புதுத்தூள் கொட்டினால் வண்டு உயிரோடு இருக்கிறது. மற்ற மரச் சாமான்களிலிருந்து பிரித்து வையுங்கள். குழலில் ஓரிடம் வீங்கியிருந்தால், அடைப்போடு சுட்டிருக்கிறார்கள். பற்றுவாயைச் சுற்றி ஆழமான குழிகள் இருந்தால், எரிந்த மருந்தின் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து அரித்திருக்கிறது. இரண்டையும் திருப்ப முடியாது.

கணக்கு

இப்போது மூன்று தொகைகளை எழுதுங்கள். கிடக்கும் நிலையிலேயே விற்றால் என்ன வரும்? சீர்செய்து விற்றால், செலவு போக என்ன மிஞ்சும்? சட்டம் அனுமதிக்கும் உறுப்புகளைத் தனித்தனியாக விற்றால் என்ன வரும்?

எண்ணில் போட்டுப் பார்ப்போம். இதே வகைத் துப்பாக்கி முழுதாக, அசலாக இருந்தால் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குதிரை இல்லாத, கட்டை விரிந்த உங்களுடையதற்கு 35 தர ஆள் இருக்கிறார். சீர்செய்தாலும் அது 100 ஆகாது, குதிரை புதிதாகிவிட்டதே. 70 வரும் என்போம். புதுக் குதிரை வார்க்க, கட்டை ஒட்ட, நிறம் ஒத்துப்போகச் செய்ய 40 செலவு. மிஞ்சுவது 30. தொடாமல் விற்பதைவிட 5 நட்டம், அதோடு வேலை கெட்டுப்போகும் அபாயம் வேறு. உறுப்புகளாக 32 வரலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆள் தேட வேண்டும், சட்டச் சிக்கலும் உண்டு, ஒரு முழுப்பொருள் உலகிலிருந்து போய்விடும். எங்கள் கருத்தில், அடையாளமே தெரியாத, அறுத்த, பல துப்பாக்கிகளின் உறுப்புகளைக் கோத்துச் செய்த பொருளைத் தவிர வேறெதையும் பிரிக்கக் கூடாது.

சீர்செய்வது கட்டுப்படியாகும் இடமும் உண்டு: முத்திரை தெளிவாக, அரிதான வகையாக, சேதம் கட்டையில் மட்டும் இருக்கும்போது. அப்போதும் வேலை தோற்றத்துக்கு மட்டுமே. புதுக் குதிரையை அசையாதபடி பொருத்தி, அதன் உட்புறத்தில் செய்த ஆண்டைப் பொறிக்கச் சொல்லுங்கள். நாளை வாங்குபவர் எது பழசு, எது புதுசு என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுத்தம் என்ற பெயரில்

சேதமடைந்த துப்பாக்கிக்குப் பெரிய சேதம் வீட்டுக்கு வந்த பிறகுதான் நேர்கிறது. பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் விளிம்புகள் மழுங்கும், முத்திரை அழியும், பாதி விலை தூசியாகப் போகும். புளி போட்டுப் பித்தளையைத் துலக்குவதும், நிக்கல் முலாம் பூசுவதும் அப்படியே. கருப்பாகவோ அடர்பழுப்பாகவோ இறுகிப் பிடித்திருக்கும் துரு உலோகத்துக்குப் போர்வை, அதை விட்டுவிடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்வதும், முத்து முத்தாகக் கசிவதும்தான் உயிருள்ள துரு. மிக மெல்லிய நான்கு பூஜ்யம் தர எஃகுப் பஞ்சில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்து அதை மட்டும் எடுங்கள். முத்திரைகளின் மேல் பஞ்சைக் கொண்டுபோகாதீர்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசினாகி அழுக்கைப் பிடிக்கும். கசிவு நிற்கவில்லை என்றால் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

விலை பேசும் முன் படங்கள் எடுங்கள்: இரண்டு பக்கம், மேல், கீழ், ஒவ்வொரு முத்திரையும் நெருக்கமாக, லாக்கின் உட்புறம், ஒவ்வொரு விரிசலும், பக்கத்தில் அளவுகோலோடு. ஒரு தாளில் குழல் நீளம், துளை அளவு, எடை, எந்த வீட்டில் எப்படி வந்தது, என்னென்ன மாற்றியது என்று எழுதி ஆட்சியர் அலுவலகப் பதிலின் நகலோடு சேர்த்து வையுங்கள். விற்கும்போது ரசீதில் 'பழைய துப்பாக்கி ஒன்று' என்று எழுதினால் போதாது. வகை, முத்திரை, சேதம், அந்தக் கடிதத்தின் எண், தேதி எல்லாம் இருக்க வேண்டும். வாங்குபவர் வியாபாரி என்றால் அவருடைய தொல்பொருள் வியாபார உரிம எண்ணும் அதில் வர வேண்டும். எண்ணைத் தர மறுப்பவர் எவ்வளவு கூட்டிச் சொன்னாலும் அவருக்கு விற்காதீர்கள்.